வாழ வந்த ஊரின் கைவண்ணம்

புதிய ஊருக்குக் குடிபெயரும் கிறிஸ்தவக் குடும்பம் ஒவ்வொன்றும் பாத்திரம் பண்டங்களோடு வேறொன்றையும் சுமந்து செல்கிறது. இயேசுவின் திரு இருதயப் படமோ, வேளாங்கண்ணி அன்னையின் சிறு சுரூபமோ, பெற்றோர் திருமணத்தன்று பெற்ற பாடுபட்ட சுரூபமோ அப்பெட்டியில் இருக்கும். புது வீட்டின் சுவரில் முதல் ஆணி அறையப்படுவது பெரும்பாலும் அதற்காகத்தான். இது போற்றத்தக்க வழக்கம். விட்டு வந்த ஊரையும் அங்குப் பெற்ற விசுவாசத்தையும் மறவாதிருக்கும் நன்றியுணர்வின் அடையாளம் அது.

இரண்டாவது ஆணி எதற்காக அறையப்படுகிறது? வந்து சேர்ந்த ஊரின் கைகள் செய்த ஏதேனும் ஒரு பொருள் அச்சுவரில் இடம் பெறுகிறதா? சிறிய வினாவாகத் தோன்றும் இதற்கு வரலாற்றில் நீண்ட விடை உண்டு. ஓரிடத்திற்கு வந்து சேர்ந்தவர் அவ்விடத்து மக்களை எவ்வாறு மதித்தார் என்பதை, அவர்தம் பேச்சைக் காட்டிலும், அவர்களிடம் அவர் என்ன வாங்கினார், யார் பெயரைக் கேட்டறிந்தார், என்ன விலை கொடுத்தார் என்பவை தெளிவாக உணர்த்துகின்றன.

ஆசிரியராகவோ செவிலியராகவோ வங்கி அலுவலராகவோ கொல்லிமலையின் குண்டூர் நாட்டிற்கு மாற்றலாகிச் செல்லும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அவர் மலையேறுகிறார். மலைமீது ஊர்கள் நாடுகளாகப் பகுக்கப்பட்டுள்ளன. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு என விரியும் அவற்றுள் குண்டூர் நாடும் ஒன்று. பலாவும் வாழையும் மிளகும் காப்பியும் விளையும் அம்மலையில் கலைப்பொருள் விற்கும் கடை எதுவும் அவர் கண்ணில் படுவதில்லை. ‘இங்குக் கலை என்று சொல்ல ஒன்றுமில்லை’ என்ற முடிவுக்கு அவர் எளிதில் வந்துவிடக்கூடும். அம்முடிவு எத்துணைப் பிழையானது என்பதை அந்த மலையின் வரலாறே கூறுகிறது.

ஓரி கொடுத்த விலை

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி கொல்லிமலையை ஆண்டவன். அவனைப் பாடிய புலவர்களுள் வன்பரணரின் பாடல்கள் புறநானூற்றின் 152, 153ஆம் பாடல்களாக இடம் பெற்றுள்ளன. முதற்பாடல் காட்டும் காட்சி நெஞ்சைத் தொடுவது. பசித்து வந்த பாணர் கூட்டம் காட்டில் ஒரு வேட்டுவனைக் காண்கிறது. ஒரே அம்பினால் யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் துளைத்த வில்லாளி அவன். அவன் யாரென அறியாமலே அவர்கள் பாடுகின்றனர். அவன் மான்தசையும் தேனும் தந்து, தன் மலையில் பிறந்த பொன்னையும் மணியையும் அள்ளிக் கொடுக்கிறான். தன் பெயரைக்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. தன் புகழைக் கேட்டு நாணுகிறான்.

இரண்டாம் பாடலில், ஓரியிடம் மணியால் ஆன குவளைக் கண்ணியும் யானையும் பெற்ற கலைஞர் ஆடவும் பாடவும் மறந்தனர் என்கிறார் புலவர். பசி நீங்கியதால் வந்த மறதி அது. ஊர் ஊராக அலைந்த கலைஞர், ஒரு மலையில் தம் கலைக்கு உரிய மதிப்பைப் பெற்று, அலைச்சலிலிருந்து ஓய்வு பெற்ற செய்தி இது. இங்கு வந்தவர் கலைஞர். மதித்துக் கொடுத்தவன் மண்ணுக்குரியவன். இன்று நிலைமை தலைகீழாக உள்ளது. மண்ணுக்குரியவர் கைவினைஞர், கையில் பணத்தோடு வருபவர் நாம். எனினும் ஓரி காட்டிய முறை நமக்கும் பொருந்தும். கொடுப்பவன் தன் பெயரை மறைத்துக்கொண்டான். பெறுபவரின் மாண்பைக் காத்தான்.

இதே மலையில் சங்கப் புலவர் பலர் வியந்து பாடிய மற்றொன்றும் உண்டு. அதுவே கொல்லிப்பாவை. நற்றிணையிலும் குறுந்தொகையிலும் தலைவியின் அழகுக்கு உவமையாக அப்பாவை கூறப்படுகிறது. அதனைத் தெய்வம் செய்தது என்றும் பூதம் செய்தது என்றும் பாடினர். காற்று மோதினும் மழை பெருகினும் இடி வீழினும் நிலம் நடுங்கினும் அதன் வனப்புக் குன்றாது என்றனர். ஓரி பின்னர் மலையமான் திருமுடிக்காரியால் கொல்லப்பட்டான். மலை சேரனின் கைக்கு மாறியது. ஆண்டவர்கள் மாறினர், பாவையின் புகழ் மாறவில்லை. ஆயினும் மனிதக் கையொன்று அதனைச் செதுக்கியிருந்தால், அக்கைக்குரியவரின் பெயர் நமக்கு எட்டவில்லை. அழகு மிகுந்த பொருளைக் கண்டதும் ‘இது தெய்வத்தின் வேலை’ என்று வியக்கிறோம். அவ்வியப்பில், செய்த மனிதரைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

மலையில் இன்று வாழும் மலையாளி மக்கள், பெயரளவில் கேரள நாட்டாரை நினைவூட்டினாலும், தமிழ் பேசும் மலைக்குடியினர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து குடிபெயர்ந்த உடன்பிறந்தோர் என்றும், அவர்கள் சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை ஆகிய மலைகளில் பிரிந்து குடியேறினர் என்றும் அவர்களிடையே ஒரு மரபு வழங்குகிறது. எனவே, குண்டூர் நாட்டிற்கு இன்று மாற்றலாகிச் செல்பவர், என்றோ ஒருநாள் தம்மைப்போலவே பெட்டி சுமந்து வந்தோரின் வழித்தோன்றல்களிடையேதான் குடியேறுகிறார்.

கடல் கடந்து வந்தவர்களும் உள்ளூர்க் கைகளும்

நம் திருச்சபையின் வரலாற்றிலும் இக்கேள்வி எழுந்ததுண்டு. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கோவாவில் குடியேறியபோது, ஆலயங்களுக்குத் தேவையான சுரூபங்கள் அனைத்தையும் லிஸ்பனிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவர இயலவில்லை. உள்ளூரில் தந்தத்திலும் மரத்திலும் வெள்ளியிலும் நுட்பமாக வேலை செய்யும் கைகள் இருந்தன. அவற்றை நாடினர். ஆனால் 1567இல் கோவாவில் கூடிய மாகாணச் சங்கம், கிறிஸ்தவரல்லாத கைவினைஞரிடம் திருவுருவங்களைச் செய்விக்கலாகாது என்று தடை விதித்தது. விசுவாசத்தின் தூய்மையைக் காக்கவேண்டும் என்ற கவலை அத்தடைக்குப் பின்னே இருந்தது. ஆயினும் தேவை தடையை விஞ்சியது. உள்ளூர்ச் சிற்பியரை முற்றிலும் ஒதுக்கிவிட முடியவில்லை.

அக்காலத்துக் கோவாத் தந்தச் சிற்பங்களுள் புகழ்பெற்றது ‘நல்லாயன்’ உருவம். அடுக்கடுக்கான பாறையின் உச்சியில் ஆயனாகிய சிறுவன் அமர்ந்திருக்கிறான். மடியிலும் தோளிலும் ஆடுகள். பாறையின் கீழே நீரூற்று. கண்களை மூடிக் கன்னத்தில் கைவைத்து ஆழ்ந்திருக்கும் அம்முகத்தில், இம்மண்ணின் தியான உருவங்களின் அமைதி குடிகொண்டிருப்பதைக் கலை வரலாற்றாசிரியர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஐரோப்பாவின் அருங்காட்சியகங்கள் இன்று அவற்றைப் பேணிக் காக்கின்றன. செய்தவரின் பெயர் அவற்றில் இல்லை.

புனித பிரான்சிஸ் சவேரியாரின் திருவுடலைத் தரிசிக்கக் கோவாவின் போம் ஜேசு பேராலயத்திற்குச் சென்றவர்கள் ஒரு காட்சியை நினைவுகூரலாம். கீழே வண்ணப் பளிங்கினால் ஆன உயர்ந்த பீடம். அது தஸ்கனி நாட்டின் பெருங்கோமகன் மூன்றாம் கோசிமோவின் காணிக்கை. புளோரன்ஸ் நகரச் சிற்பி ஜொவான்னி பத்தீஸ்தா ஃபொஜ்ஜீனி உருவாக்கி, 1698இல் இங்கு நிறுவப்பட்டது. அதற்கு மேலே, புனிதரின் உடலைத் தாங்கும் வெள்ளிப் பேழை. அது 1636, 1637ஆம் ஆண்டுகளில் கோவாவின் வெள்ளித் தட்டார்கள் செய்தது. கடல் கடந்து வந்த பளிங்கின்மீது உள்ளூரில் பிறந்த வெள்ளி அமர்ந்திருக்கிறது. புளோரன்ஸ் சிற்பியின் பெயரை வழிகாட்டிகள் தவறாது கூறுகின்றனர். வெள்ளிப் பேழையைப் பற்றிக் கூறும்போது ‘கோவாத் தட்டார்கள்’ என்ற பொதுச்சொல்லோடு நிறுத்திக்கொள்கின்றனர்.

தமிழ்நாட்டிலும் இத்தகைய இணைப்பைக் காண்கிறோம். தூத்துக்குடி பனிமய அன்னையின் சுரூபம் 1555இல் கப்பலில் வந்து சேர்ந்தது என்பது மரபு. அன்னையைச் சுமந்து வீதிகளில் உலாவரும் பொற்றேரோ 1806ஆம் ஆண்டுக்குரியது. தேர்கட்டும் கலையில் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த நாட்டின் வழக்கத்தில் பிறந்தது. வீரமாமுனிவர் கோணான்குப்பத்தில் எழுப்பிய ஆலயத்தின் பெரியநாயகி அன்னை தமிழ்ப் பெண்ணின் கோலத்தில் காட்சி தருகிறார். அக்கோலத்தை முனிவரே வகுத்துத் தந்து, பிலிப்பைன்ஸ் நாட்டு மணிலாவில் சுரூபத்தைச் செய்வித்தார் என்று வழிவழியாகக் கூறுவர். தமிழ்ச் சேலையைத் தேர்ந்தெடுத்த அவர் உள்ளம் நம்மோடு நெருங்கியது. செதுக்கிய உளியோ தொலைவிலிருந்தது.

நம் சிற்றூர்ப் பங்குகளிலும் இதே நிலைதான். சுரூபம் வெளியிலிருந்து வரும். அதைத் தாங்கும் சப்பரத்தையும் தேரையும் உள்ளூர் ஆசாரி செய்வார். கொடிமரத்தை இழைப்பவரும், பூந்தேரை அலங்கரிப்பவரும், சிலுவை பொருத்திய குத்துவிளக்கை வார்ப்பவரும் நம் அயலாரே. அவர்களுள் பலர் நம் மதத்தைச் சேர்ந்தவரல்லர். நம் பாட்டன்மார் சட்டங்களை ஆராயாமலே, அயலாரின் கையை நம்பித் தம் திருவிழாவை நடத்தினர்.

முகமற்ற ஓவியங்கள்

வந்தவர்கள் உள்ளூர்க் கலையை வாங்கிய வரலாற்றில் பெரியதொரு பகுதி 18, 19ஆம் நூற்றாண்டுகளில் நிகழ்ந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலரும் படைவீரரும் தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, வேலூர் போன்ற ஊர்களில் வந்து தங்கினர். இன்று நம்மவர் நிழற்படக் கருவியோடு செல்வதைப்போல, அவர்கள் உள்ளூர் ஓவியரை அழைத்துப் படங்களை எழுதச் செய்து, தாய்நாட்டிற்கு அனுப்பினர். இவற்றைக் ‘கம்பெனி ஓவியங்கள்’ என்பர். தஞ்சையில் அவ்வோவியர் பெரும்பாலும் தெலுங்கு நாட்டிலிருந்து வந்த முச்சியர் மரபினர். ஐரோப்பியத் தாளில், கணவனும் மனைவியுமாக இணை இணையாகப் பல சாதியினரையும் தொழிலினரையும் அவர்தம் கருவிகளோடு வரைந்தனர். குயவர், நெசவாளர், தட்டார், செம்படவர், பண்டாரம் என நீண்டு செல்லும் அத்தொகுதிகள் இலண்டன் நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் இன்றும் உள்ளன.

திருச்சிராப்பள்ளி, காக்காப்பொன் தகடுகளில் தீட்டிய சிறு ஓவியங்களுக்குப் பெயர் பெற்றது. கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் அத்தகட்டில் வண்ணங்கள் ஒளிரும். எடையும் குறைவு, விலையும் குறைவு. அக்காலத்தில் நம் நாட்டில் விற்ற காக்காப்பொன் தொகுதிகள் சிலவற்றில் ஒரு வேடிக்கை இருந்தது. ஓர் அட்டையில் முகம் மட்டும் வரையப்பட்டிருக்கும். உடையும் உடலும் தீட்டிய தகடுகள் தனித்தனியே இருக்கும். அவற்றில் முகம் இராது. அட்டையின்மீது ஒரு தகட்டை வைத்தால் சேவகன். வேறொன்றை வைத்தால் வணிகன். மற்றொன்றை வைத்தால் துறவி. ஒரே முகம் எல்லாருக்கும் பொருந்தும்.

இவ்வேடிக்கையில் ஓர் ஆழ்ந்த துயரம் மறைந்திருக்கிறது. வாங்கியவருக்கு வேண்டியிருந்தது தொழில், உடை, சாதி ஆகியவற்றின் மாதிரி. அதனைச் செய்யும் மனிதன் யார் என்பது வேண்டியிருக்கவில்லை. வரையப்பட்டவனுக்கும் பெயரில்லை, வரைந்தவனுக்கும் பெயரில்லை. வாங்கியவர் அப்படங்களை விரும்பவில்லை என்று சொல்லமுடியாது. விரும்பியதால்தான் ஆறுமாதக் கப்பற் பயணத்தில் அவற்றைப் பாதுகாத்துக் கொண்டுபோயினர். ஆனால் பொருளை விரும்பிய அளவுக்கு அதைச் செய்தவரை அறிய விரும்பவில்லை.

எல்லாரும் அவ்வாறே இருந்தனர் என்று கூறுவது நீதியாகாது. கல்கத்தாவில் தலைமை நீதிபதியாக இருந்த எலைஜா இம்பேயின் துணைவியார் மேரி இம்பே, 1777 முதல் 1782 வரை, தம் தோட்டத்தில் வளர்த்த பறவைகளையும் விலங்குகளையும் வரைய மூன்று ஓவியரை அமர்த்தினார். பாட்னாவைச் சேர்ந்த ஷேக் ஜைனுதீன், பவானி தாஸ், ராம் தாஸ் ஆகிய அவர்கள் 300க்கும் மேற்பட்ட ஓவியங்களை உருவாக்கினர். வரைந்தவரின் பெயர் ஓவியங்களிலேயே எழுதப்பட்டது. அதனால்தான் இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அவர்களைப் பெயர் சொல்லி அழைக்கிறோம். நம் வேலூரில் வாழ்ந்த எல்லப்பா என்ற ஓவியர், 1830களில், தாம் அமர்ந்து ஓவியம் தீட்டும் காட்சியையே ஒரு படமாக வரைந்தார். பிறரை வரைந்து வரைந்து பிழைத்த கை, ஒருமுறை தன்னையும் வரைந்துகொண்டது. 2019இல் இலண்டனில் நடந்த ஒரு கண்காட்சி, மறக்கப்பட்ட இவ்வோவியர்களைப் பெயரோடு உலகின்முன் நிறுத்தியது. இரு நூறு ஆண்டுகள் கழிந்து கிடைத்த நீதி அது.

சாந்துச் சுரூபங்களும் ஓவியர் ஃபொன்சேகாவும்

19ஆம் நூற்றாண்டில் நிலைமை வேறு வகையில் மாறியது. பாரிஸ் மாநகரில் சான் சுல்பிஸ் ஆலயத்தைச் சுற்றியிருந்த கடைகள், அச்சில் வார்த்த சாந்துச் சுரூபங்களை ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்து உலகெங்கும் அனுப்பின. வெளிர் நீலமும் இளஞ்சிவப்பும் பூசிய அம்முகங்கள் எல்லாக் கண்டங்களிலும் ஒன்றுபோலவே இருந்தன. 1930இல் சேலம் மறைமாவட்டம் உருவாவதற்கு முன்பும் பின்பும், இப்பகுதியில் உழைத்த பாரிஸ் மறைபரப்புச் சபைக் குருக்கள், தம் இளமையில் எந்த உருவங்களின்முன் முழந்தாளிட்டனரோ அவற்றையே விரும்பியிருப்பின் அதில் வியப்பில்லை. புது வீட்டில் அவர்கள் அறைந்த முதல் ஆணி அது. அச்சுரூபங்களின்முன் நம் தாயார் சிந்திய கண்ணீரும் உண்மையானது. அதை எவரும் குறைத்துப் பேச உரிமையில்லை. ஆனால் ஆலயத்திற்கு அருகில் குடியிருந்த சிற்பிக்கு அங்கிருந்து அழைப்பு வந்ததுண்டா என்று கேட்பது நம் கடமை.

அழைப்பு வராமையின் விலை என்ன என்பதை ஒருவரது வாழ்க்கை காட்டுகிறது. ஆஞ்செலோ தா ஃபொன்சேகா 1902இல் கோவாவில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். சாந்திநிகேதனில் பயின்று, இந்திய ஓவிய மரபில் ஊறித் திரும்பினார். சேலையணிந்த அன்னை மரியாவையும், இந்நாட்டுத் தாயின் மடியில் தவழும் குழந்தை இயேசுவையும் வரைந்தார். சொந்த ஊரில் அவருக்குக் கிடைத்தது எதிர்ப்பு. நம் அன்னையை இப்படியா வரைவது என்று விசுவாசிகளே வெகுண்டனர். அவர் ஊரைவிட்டு வெளியேறிப் பூனாவில், ஆங்கிலிக்கன் சபையாரின் ஆசிரமமொன்றில் தங்கிப் பணியைத் தொடர்ந்தார். இயேசு சபையின் வரலாற்றறிஞர் ஹென்றி ஹெராஸ் அடிகளார் அவருக்கு ஆதரவளித்தார். 1967இல் ஃபொன்சேகா காலமானார். பிற்காலத்தில் அவர் ஓவியங்களில் பெருந்தொகுதி கோவாவிற்கே திரும்பியது, அவர் திரும்பவில்லை. தன் வீட்டுச் சுவரில் இடம் பெறாத கலைஞன் அயலூரில் குடியேற நேர்ந்த கதை இது.

அவர் மறைவதற்கு முன்பே திருச்சபை பேசியிருந்தது. 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வெளியிடப்பட்ட இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, எந்தவொரு கலைப்பாணியையும் திருச்சபை தனக்கே உரியதாகக் கொண்டதில்லை என்றும், எல்லா மக்களின் கலைக்கும் அதனுள் இடமுண்டு என்றும் அறிவித்தது. கதவு திறக்கப்பட்டது. ஆனால் திறந்த கதவின் வழியே உள்ளே வரவேண்டிய கைவினைஞருக்கு அழைப்பை அனுப்பவேண்டியவர்கள் நாம்.

வாங்குவோர் இருந்தால் கலை எவ்வாறு தழைக்கும் என்பதற்குச் சென்னையே சான்று. 1966இல் ஓவியர் கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் கலைஞர் சிலர், நகருக்கு வெளியே கடற்கரையோரம் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவினர். அவர்களிடம் செல்வம் இல்லை. பத்திக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் செய்து விற்று, அப்பணத்தில் நிலம் வாங்கினர். யாரோ சிலர் தம் வீட்டுக்கென ஒரு திரைச்சீலையை வாங்கியதால், ஓவியருக்கு ஓர் ஊர் கிடைத்தது. வாங்கியவர்கள் தாம் என்ன கட்டியெழுப்பினோம் என்பதை அறிந்திருக்கமாட்டார்கள்.

மீண்டும் மலைக்கு

இனி கொல்லிமலைக்குத் திரும்புவோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அம்மலைக்கு ஓர் ஓவியர் குடிபெயர்ந்து வந்தார். அவர் எவலின் பிராண்ட். 1879இல் பிறந்து, இலண்டனில் ஓவியம் பயின்ற அவர், 1913இல் ஜெஸ்ஸி பிராண்டை மணந்து, வாழவந்தியில் குடியேறினார். இருவரும் பாப்திஸ்து சபையைச் சேர்ந்தவர்கள். நம்மிலிருந்து பிரிந்த சகோதரர்கள். ஜெஸ்ஸி மருத்துவம் செய்தார். தச்சு முதலிய தொழில்களைக் கற்பித்தார். 1929இல் காய்ச்சலால் மறைந்தார். தொழுநோயாளரின் கைகளை அறுவை மருத்துவத்தால் சீராக்கிய உலகப் புகழ்பெற்ற மருத்துவர் பால் பிராண்ட் இவர்களின் மகனே. கணவரை இழந்தபின்னும் எவலின் இம்மக்களைக் கைவிடவில்லை. முதுமையில், பணி ஓய்வுக்குப் பின்னும், மலைக்கே திரும்பி வந்து உழைத்தார். 95 வயதில், 1974இல், இந்தியாவிலேயே உயிர்நீத்தார். அவர் தூரிகை இம்மலையை வரைந்துகொண்டே இருந்தது. ‘வாழவந்தி’ என்ற பெயரைக் கேட்கும்போதெல்லாம், வாழ வந்து இங்கேயே வாழ்ந்துவிட்ட அவ்வம்மையார் நினைவுக்கு வருகிறார்.

அவரிடம் நாம் கற்கவேண்டியது ஒன்று உண்டு. வாங்குவதற்கு முன் பார்க்கவேண்டும். பார்ப்பதற்கு நேரம் கொடுக்கவேண்டும். குண்டூர் நாட்டிற்கு மாற்றலாகிச் செல்லும் நம் ஆசிரியர், முதல் மாதத்தில் கலை எதையும் காணமாட்டார். ஆண்டொன்று கழியட்டும். ஆடி மாதத்தில் செம்மேட்டில் வல்வில் ஓரி விழா நடைபெறும். திருவிழா நாள்களில் மலையாளி மக்கள் சேர்வையாட்டம் ஆடுவர். அவ்வாட்டத்தின் அடவுகளை அவர் காண்பார். மூங்கிலைப் பிளந்து கூடை முடைபவரின் விரல்களைக் கவனிப்பார். வீட்டு நிலையை இழைத்தவர் யார், முறத்தின் விளிம்பை அத்துணை நேர்த்தியாகக் கட்டியவர் யார் என்று கேட்கத் தொடங்குவார். அன்றுதான் அவர் உண்மையில் அவ்வூருக்கு வந்து சேர்கிறார்.

மலையிலிருந்து கிழக்கே சென்றால், பச்சைமலையின் அடிவாரத்தில், பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் உள்ளது. ஒரே மரத்துண்டில் முழுச்சிற்பத்தையும் செதுக்கும் தச்சர் அங்கு வாழ்கின்றனர். கோயில் தேர்களின் சிற்பங்களும் வாகனங்களும் அவர்கள் கையில் உருப்பெறுகின்றன. அவர்களது மரச்சிற்பத்திற்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் பங்குகளில் புதிய வாசக மேடையோ, நற்கருணைப் பேழையின் மரச்சட்டமோ, சிலுவைப்பாதை நிலைகளோ தேவைப்படும்போது, விலைப்பட்டியல் புத்தகத்தைப் புரட்டுவதற்குமுன், இத்தகைய ஊர்களுக்கு ஒருமுறை சென்று வரலாகாதா?

அவ்வாறு செல்லும்போது மூன்றைக் கைக்கொள்ள வேண்டும். முதலாவது, செய்தவரின் பெயரைக் கேட்டு, பொருளின் பின்புறத்தில் ஊரோடும் ஆண்டோடும் எழுதிவைக்கவேண்டும். நம் பேரப்பிள்ளைகள் அதைத் திருப்பிப் பார்க்கும்போது ஒரு மனிதரைச் சந்திப்பார்கள். இரண்டாவது, பேரம் பேசுவதில் அறம் வேண்டும். பெருங்கடைகளில் ஒட்டிய விலையை மறுபேச்சின்றிக் கொடுக்கும் நாம், கூடை முடையும் முதியவளிடம் பத்து ரூபாய்க்காக வாதிடுகிறோம். அவள் நாளெல்லாம் குனிந்திருந்த முதுகின் கூலி அந்தப் பத்து ரூபாயில் இருக்கிறது. கூலியாளுக்குரிய கூலியைப் பிடித்துவைப்போரின் குற்றம் விண்ணை நோக்கிக் கூக்குரலிடுகிறது என்று விவிலியம் எச்சரிப்பதை நாம் மறக்கலாகாது. மூன்றாவது, அவர்கள் தெய்வத்திற்கென வைத்திருக்கும் பொருளை எத்துணை விலை கொடுத்தாயினும் கேட்கக்கூடாது. விற்பனைக்குரியது வேறு, வழிபாட்டிற்குரியது வேறு. நம் ஆலயத்துச் சுரூபத்தை ஒருவர் அலங்காரப் பொருளாகக் கேட்டால் நாம் என்ன உணர்வோமோ, அதையே அவர்களும் உணர்வார்கள்.

விடுதலைப்பயண நூலில் ஆண்டவர் தமக்கு ஒரு கூடாரம் அமைக்கச் சொன்னபோது, இஸ்ரயேலர் தமக்கென ஊரற்றவர்களாய்ப் பாலைநிலத்தில் அலைந்துகொண்டிருந்தனர். அந்நிலையிலும் கைவினைஞர் பெயர் சொல்லி அழைக்கப்பட்டனர். யூதா குலத்துப் பெட்சலேல், தாண் குலத்து ஒகொலியாபு ஆகிய இருவரின் பெயரும் நூலில் பொறிக்கப்பட்டுள்ளன. பொன்னிலும் வெள்ளியிலும் மரத்திலும் வேலை செய்யும் திறனை இறை ஆவியாரின் கொடையென்றே அந்நூல் கூறுகிறது. பின்னாளில் சாலமோன் எருசலேம் ஆலயத்தைக் கட்டியபோது, தீர் நகரிலிருந்து வெண்கல வேலையில் வல்ல ஈராமை வரவழைத்தான். அவன் தந்தை அயல்நாட்டவன். ஆலயத் தூண்களை வார்த்த கை அது.

மக்கள் கூட்டத்தின் பெயர்கள் பல காற்றோடு போயின. கூடாரத்தைச் செய்தவரின் பெயர் நிலைத்திருக்கிறது. இறைவன் பெயர் கேட்டு அழைத்த கைவினைஞரை நாம் பெயர் கேளாமல் கடந்து செல்லலாமா? புது வீட்டில் முதல் ஆணி நாம் கொண்டுவந்த விசுவாசத்திற்காக. அருகிலேயே இரண்டாவது ஆணி ஒன்று அறையப்படட்டும். வாழ வந்த ஊரின் கைகளுக்காக. இரண்டும் ஒரே சுவரில் இருக்கும் இல்லத்தில், அயலாரை நேசிக்கவேண்டும் என்ற கட்டளையைக் குழந்தைகள் கண்ணால் கண்டு கற்றுக்கொள்வார்கள்.